மணல் வேர்க்கிறது என்று ஒருவர் சொன்னால்

2009 ஐப்பசி. காசிமேட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடி வேலை. டிப்ளமோ முடித்து எனக்கு இரண்டாவது வருடம். சைட் இன்ஜினியர் என்று பெயர், அளவு எடுப்பதும் சிமெண்ட் மூட்டை எண்ணுவதும் வேலை. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழடி ஆழம், கடலோர மணல், மூன்று நாளாக விட்டு விட்டு மழை. பள்ளத்தில் நின்ற பெரியவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மேஸ்திரி, மணல் வேர்க்குது. கொஞ்சம் நிறுத்திக்கலாம்."

மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்குக் கான்கிரீட் வண்டி சொல்லியாச்சு. வேலையைப் பாரு பெருசு."

மணலில் தண்ணீர் கசிகிறது, சுவர் சரியலாம் என்று அர்த்தம். அது என் காதிலும் விழுந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்கு மேற்குப் பக்கம் சரிந்தது. பெரியவர் தாவி ஏறிவிட்டார். கூட நின்ற பையன் மார்பு வரை புதைந்தான். ஈர மணல் ஒரு கன மீட்டர் 1,800 கிலோவுக்குக் குறையாது. தலை வெளியே இருந்தாலும் மூச்சு இழுக்க நெஞ்சு விரியாது. மண்வெட்டி போட்டால் அவன் மேல் படும் என்று கையாலேயே வாரினோம். பிழைத்தான். இரண்டு விலா எலும்பு, வலது கால். சாயங்காலம் ஆபீஸுக்குப் போன அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது. எழுதியது நான்தான். சொல்லச் சொல்ல எழுதினேன்.

பதினாறு வருடம் கழித்து இன்று பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். ஒரு கம்பெனியின் பண்பாடு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்தப் பள்ளத்தைத்தான் சொல்வேன். கீழே நிற்பவருக்குத் தெரிந்த கெட்ட சேதி, முடிவெடுப்பவர் காதுவரை ஏறி வருகிறதா, பாதியில் யாராவது அதை மிதித்துக் கீழே தள்ளுகிறார்களா? இதைத்தான் நான் பண்பாடு என்கிறேன். ஹெல்மெட், வலை, சுவரில் ஒட்டிய வாசகம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இருபது பேரிலிருந்து நூறு பேர் வரை வைத்து வேலை செய்யும் காண்ட்ராக்டர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளுக்குத் தனித் துறையே உண்டு. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மாதவரத்திலும் மூன்று மாடி, நான்கு மாடி கட்டுகிறவர்களுக்கு நாமேதான் துறை.

முதலில் உங்கள் சைட்டைப் படியுங்கள்

என் அம்மா வியாசர்பாடியிலிருந்து இருபத்தாறு வருடம் சித்தாள் வேலைக்குப் போனவர். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சைட்டுக்குள்ள போனதும் முதல்ல மேஸ்திரி மூஞ்சியைத்தான் பார்ப்போம். இன்னிக்கு வாயைத் திறக்கலாமா கூடாதான்னு அதுலயே தெரிஞ்சிடும்." எந்தத் தணிக்கைப் படிவத்திலும் இந்த வரி இல்லை. ஆனால் நீங்கள் அளக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு நாள் சொல்லாமல் போங்கள். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். கார் சத்தம் கேட்டதும் ஹெல்மெட் தலைக்கு ஏறும் சைட் என்றால், அந்த ஹெல்மெட் உங்களுக்காகப் போடப்படுகிறது, கல் விழும் என்பதற்காக அல்ல.

அடுத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கத்திலேயே விபத்துப் பதிவேட்டையும் விரியுங்கள். பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் பாதி தீர்ந்திருக்கும். பதிவேடு வெள்ளையாக இருக்கும். காயம் பட்டது உண்மை, எழுதப்படாததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி உங்கள் கம்பெனியின் பயம். "ஆறு மாசமா ஒரு கீறல்கூட இல்ல சார்" என்று மேஸ்திரி சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். நாற்பது பேர் கம்பி வெட்டி, பலகை அடித்து, ஜல்லி சுமக்கும் இடத்தில் ஆறு மாதம் கீறல் இல்லாமல் போகாது.

பத்தரை மணி டீ நேரத்தில் ஓரமாக உட்காருங்கள். ஒரு சித்தாளிடம், ஒரு கம்பி கட்டுபவரிடம், வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவரிடம் ஒரே கேள்வி: "இங்க எந்த இடத்துக்குப் போகப் பயமா இருக்கு?" 'பாதுகாப்பா இருக்கா' என்று கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். பயமாக இருக்கும் இடத்தைக் கேட்டால் கை தானாகவே ஒரு பக்கம் நீளும். லிஃப்ட் குழியாக இருக்கலாம், மாடி ஓரமாக இருக்கலாம், ஈரத்தில் கிடக்கும் மிக்சர் ஒயராக இருக்கலாம். எதைக் காட்டினாலும் அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்யுங்கள். நாளை என்றால் அவர்கள் அடுத்த முறை கை நீட்ட மாட்டார்கள்.

பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்றும் பாருங்கள். அம்மா காலத்தில் காலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்க மாட்டார்கள், ஒதுங்க இடமில்லை என்பதால். மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சட்டி சுமக்கும் பெண்ணுக்கு மூன்றாவது மாடியில் தலை சுற்றினால் அதற்குப் பெயர் கவனக்குறைவா?

முதலாளி கேட்கும் முதல் கேள்வி

தினமும் காலை முதலாளியிடமிருந்து சைட்டுக்கு ஒரு போன் வரும். "தளம் எப்போ போடறீங்க?" என்பதுதான் முதல் வாக்கியம் என்றால், மேஸ்திரி அன்று முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் வேலை செய்வார். காசிமேட்டு மேஸ்திரியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் அவரிடம் கேட்கப்பட்டது தேதி மட்டுமே. மணலைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

1987இல் அமெரிக்காவின் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்குத் தலைவராக வந்த பால் ஓநீல், முதலீட்டாளர்கள் முன் பேசிய முதல் கூட்டத்திலேயே லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் காயங்களைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் அரண்டு போனார்கள். அவர் இருந்த காலத்தில் காயங்களும் குறைந்தன, லாபமும் ஏறியது. தலைவர் முதலில் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் கீழே உள்ள ஒவ்வொருவரும் தேடிப் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே போனில் முதல் கேள்வியை மாற்றுங்கள். "நேத்து யாராவது எதையாவது நிறுத்தச் சொன்னாங்களா? என்ன பண்ணீங்க?" இவ்வளவுதான். தளம் எப்போது என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் வாரம் "ஒண்ணும் இல்ல சார்" என்றே பதில் வரும். இரண்டாவது வாரமும் வரும். விடாமல் கேளுங்கள். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் இருபது நாள் கழித்துத்தான் முதல் பதில் வந்தது: இரண்டாவது மாடிச் சாரத்தில் ஒரு சவுக்குக் கட்டை உளுத்திருக்கிறது என்று. கண்டுபிடித்தது பூச்சு வேலைக்கு வந்த ஒரு பெரியாள்.

காசு எந்தப் பக்கம் இழுக்கிறது

பேசிப் பேசிப் பண்பாட்டை மாற்ற முடியாது. பில் போடும் முறை எதிர்ப்பக்கம் இழுத்தால் உங்கள் பேச்சு தோற்கும். இந்தப் பகுதியை முதலாளிமார் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கம்பி கட்டுபவர்களுக்கு டன் கணக்கு. சென்ட்ரிங்குக்கு, அதாவது கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் அடைப்புக்கு, சதுர அடிக் கணக்கு. பூச்சுக்கும் அப்படியே. ஒருவர் உயரத்திலிருந்து விழாமல் காக்கும் பெல்ட்டை மாட்டி, கொக்கியைத் தலைக்கு மேலே உறுதியான இடத்தில் போட்டு, நகரும்போதெல்லாம் கழற்றி மாட்டினால் அந்த நேரம் அவருடைய சம்பளத்திலிருந்துதான் போகிறது. பிறகு 'பெல்ட் போட மாட்டேங்கிறாங்க' என்று நாமே குறை சொல்கிறோம். பெல்ட் போடாமல் இருப்பதற்குக் கூலி கொடுப்பதும் நாம்தான்.

இதற்கு நான் செய்து பார்த்துப் பலன் கண்ட வழிகள் சில உண்டு. வேலை உத்தரவு எழுதும்போதே சாரம், பள்ளத்துச் சுவர் சரியாமல் தாங்கும் முட்டு, ஓரத் தடுப்பு மூன்றையும் தனி வரிகளாக எழுதி, தனித்தொகை போடுங்கள். சதுர அடி ரேட்டுக்குள் அடக்கிவிட்டால் அவை முதலில் காணாமல் போகும். உயரத்தில் செய்யும் வேலைக்கு ரேட்டை நீங்களாகவே கொஞ்சம் கூட்டி, அந்தக் கூடுதல் பெல்ட் மாட்டும் நேரத்துக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், பெல்ட் எதற்கும் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்த நாளிலிருந்து அது தண்டனையாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை நிறுத்தப்பட்ட நேரத்துக்குக் கூலி. யாரோ ஒருவர் ஆபத்து என்று சொல்லி ஒரு மணி நேரம் வேலை நின்றால் அந்தக் குழுவுக்கு அந்த ஒரு மணி நேரக் காசு சனிக்கிழமை கையில் போக வேண்டும். கணக்கில் தனியாகக் காட்டி, "இது புதன்கிழமை நிறுத்தினதுக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். சனிக்கிழமைச் சம்பள வரிசையில் அந்தச் சேதி பரவும் வேகத்தில் எந்த வகுப்பும் பரவாது.

சென்ட்ரிங் விஷயத்தையும் இதே கண்ணால் பாருங்கள். தளத்தைத் தாங்கும் தட்டுக்கும், அதற்கு முட்டாக நிற்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை ஓடுகிறது. மேல் மாடிக்கு அதே ஜாக்கி வேண்டும். அதனால்தான் கீழே முன்கூட்டியே முட்டுகளைப் பிடுங்குகிறார்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வது: தாங்கும் இரண்டு பக்கங்களுக்கு நடுவே தளத்தின் நீளம் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. நாம் அதிகம் பயன்படுத்தும் பி.பி.சி (எரிசாம்பல் கலந்த சிமெண்ட்) மெதுவாக இறுகும், இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். கையில் ஒரே ஒரு செட் ஜாக்கிதான் இருக்கிறது. இரண்டு மாடிக்குத் தேவையான முட்டுகளை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிட்டால் அவர் அவசரப்பட மாட்டார். கூடவே ஒரு பழக்கம்: கான்கிரீட் போட்ட தேதியையும் முட்டு எடுக்கலாம் என்ற தேதியையும் தூணில் பெரிதாகப் பெயிண்டில் எழுதிவிடுங்கள். சித்தாளுக்கும் அது தெரிய வேண்டும். தேதிக்கு முன் யாராவது ஜாக்கியில் கை வைத்தால் கத்த வேண்டியவர்கள் அவர்கள்தான்.

'நிறுத்துங்க' என்று ஒருவர் சொன்ன பிறகு வரும் பத்து நிமிடம்

யாரும் வேலையை நிறுத்தலாம் என்று சொல்வது எளிது. சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் வேலை நிற்க வேண்டும், விசாரணை பிறகு. பள்ளமாக இருந்தால் ஆட்கள் மேலே ஏறிவிட வேண்டும். அடுத்து, சொன்னவரை அழைத்து, அவர் காட்டும் இடத்துக்கு இன்ஜினியரே நடந்து போக வேண்டும். போனில் போட்டோ கேட்கக் கூடாது. பார்த்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அவர் பயந்தது தவறாகவே இருந்தாலும் சொல்லுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒன்றுமில்லாததற்கு வேலையை நிறுத்திவிட்டான் என்று யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் போதும், அடுத்த ஆறு மாதம் வாய்கள் மூடிவிடும். சிரித்தவரை ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள், அவர் உங்கள் மைத்துனராக இருந்தாலும் சரி.

பள்ளத்துக்கு மட்டும் யாருடைய வாய்க்காகவும் காத்திருக்காதீர்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டு கொடுத்தே ஆக வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை ஓரத்திலேயே குவிக்கக் கூடாது. கான்கிரீட் லாரியையும் ஓரத்துக்கு விடக் கூடாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் நேற்று நின்ற சுவர் இன்று நிற்காது. தினமும் காலையிலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். அந்த ஒருவர் தோண்டுகிறவர்களில் மூத்தவராக இருக்கட்டும். காசிமேட்டுப் பெரியவர் உள்ளங்கையால் கண்டதை நான் என் டேப்பால் காணவில்லை.

மொழி தெரியாதவர் எப்படிச் சொல்வார்

இன்று வடசென்னை சைட்டுகளில் நிறையப் பேர் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் பக்கத்துப் பிள்ளைகள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல் மின் நிலையத்தில் உயரத்தில் இருந்த இரும்புக் கட்டமைப்பு சரிந்து 9 பேர் இறந்தார்கள். அசாம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் அன்று இரவு நின்றவர்கள் எவருக்கும் அது மறக்காது.

ஏஜெண்ட் அழைத்துவந்த பையன் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். மொழி தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அவன் 'மணல் வேர்க்குது' என்று சொல்ல வேண்டுமானால் அவனுக்கு ஒரு வார்த்தையும் ஒரு ஆளும் வேண்டும். வார்த்தைக்கு நாங்கள் 'ருக்கோ' (இந்தியில் 'நில்') என்பதையே எல்லோருக்கும் பொதுவாக வைத்தோம். தமிழ்ச் சித்தாள்களும் அதையே கத்துகிறார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகக் காட்டினாலும் அதே அர்த்தம், மிக்சர் சத்தத்தில் அதுதான் உதவுகிறது. ஆள் யார் என்றால், ஒவ்வொரு குழுவிலும் அவர்கள் மொழி பேசும் ஒருவர். அவரை ஏஜெண்ட் தேர்ந்தெடுக்கக் கூடாது. குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலைக் கூட்டம் ஏழு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அன்றைய வேலை, அன்று எங்கே விழலாம், எது மேலே விழலாம், இவ்வளவு போதும். 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "பெல்ட் கொக்கியை எங்க மாட்டுவ, காட்டு" என்று கேளுங்கள். கை சரியான இடத்துக்குப் போனால் புரிந்திருக்கிறது.

அடிபட்டுவிட்டால்

எந்த மருத்துவமனை, எந்த வழி என்று முன்பே ஓட்டிப் பார்த்து வையுங்கள். 108க்குச் சொன்னாலும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றால் எந்தப் பக்கம் சுற்றுவது, ரயில்வே கேட் மூடினால் எது மாற்று வழி என்பது வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பிறகு விசாரணை. 'யார் பண்ணது?' என்று தொடங்கினால் முதல் நிமிடத்திலேயே உண்மை ஓடி ஒளிந்துவிடும். 'எப்படி ஆச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, யாராவது முன்னாடியே சொன்னாங்களா?' என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். கவனக்குறைவு என்ற சொல்லை நான் இப்போது எந்த அறிக்கையிலும் அனுமதிப்பதில்லை. அந்தச் சொல் வந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. காசிமேட்டில் நான் அதை எழுதாமல் இருந்திருந்தால், ஏன் முட்டு வாங்கவில்லை, ஏன் மழையிலும் வண்டித் தேதியை மாற்றவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

எல்லோரையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வையுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக நாம்தான் கட்டுகிறோம். கட்டிய பணத்தின் பலன் நம் சைட்டில் நிற்பவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அது நம் சோம்பல். அட்டை இல்லாதவர்களுக்கு ஒரு நாள் ஒதுக்கி, அந்த நாள் கூலியும் கொடுத்து, இன்ஜினியரே கூட உட்கார்ந்து பதிந்துவிடலாம்.

இதெல்லாம் பாதுகாப்புக்கு மட்டுமா என்று முதலாளிகள் கேட்பார்கள். இல்லை. மணலைப் பற்றிச் சொல்லப் பயப்படுகிறவர் தூண் தூக்குக் குண்டுக்கு நேராக இல்லை என்பதையும் சொல்ல மாட்டார். வரைபடத்தில் பன்னிரண்டு கம்பி, கட்டியது பத்து என்பதையும் சொல்ல மாட்டார். கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் 28 நாள் கியூப் சோதனை தோற்றதை யாரோ ஒருவர் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுவார். ஒரே படிக்கட்டுதான், அதில் ஆபத்தும் ஏறி வரும், தரமும் ஏறி வரும், கணக்கும் ஏறி வரும். அடைத்தால் மூன்றும் சேர்ந்து அடைபடும். என் அனுபவத்தில், நிறுத்தச் சொல்லும் உரிமை வந்த சைட்டில் இடித்துக் கட்டும் வேலை குறைந்திருக்கிறது.

எங்கள் சைட்டில் 'நூலிழையில் தப்பினது' என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் ஸ்டோர்காரத் தம்பி எழுதிக்கொள்வார். பெயர் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் நான் அதைச் சத்தமாகப் படிக்கிறேன், எதைச் சரிசெய்தோம் என்பதோடு. போன வாரம் மூன்று இருந்தது. மிக்சர் பக்கம் ஒயர் உரிந்திருக்கிறது. மாற்றியாகிவிட்டது, மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்சும் சோதித்தாகிவிட்டது. மூன்றாவது மாடியிலிருந்து செங்கல் விழுந்தது, யார் மேலும் படவில்லை. ஓரப் பலகை அடித்தாகிவிட்டது. மூன்றாவது, படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை, சட்டியோடு இறங்க முடியவில்லை என்று வள்ளலார் நகரிலிருந்து வரும் ஒரு சித்தாள் சொன்னது. அதற்குக் கட்டை இன்னும் வரவில்லை. வரவில்லை என்றே படித்தேன். திங்கட்கிழமை வரும், அதுவரை அந்தப் படியில் யாரும் சுமையோடு இறங்க வேண்டாம், கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும் என்றும் சொன்னேன். "திங்கக்கிழமை வரலன்னா நான் மறுபடியும் எழுதச் சொல்லுவேன் மேடம்" என்றார் அவர். எழுதச் சொல்லுங்கக்கா என்றேன்.